மனிதனுக்கு விலையுண்டோ?

பழவேற்காட்டு ஏரிக்கரையில் இறாலும் நண்டும் மடவையும் கூடை கூடையாய்க் கரையேற, வியாபாரிகள் சூழ்ந்து நின்று விலை பேசுவர். விற்கத்தகும் பொருளை விற்பதிற் குற்றமில்லை. ஆயின், இதே கரையில் ஒருகாலத்தில் மனிதரும் விலைபோயினர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1613-ம் ஆண்டில் ஒல்லாந்தர் இங்கே கெல்திரியாக் கோட்டையை நிலைநாட்டினர். துணிகளோடு அடிமைகளும் இத்துறையினின்று பத்தாவியா முதலிய கீழ்த்திசை நாடுகளுக்கு ஏற்றப்பட்டனர். அந்நூற்றாண்டில் சோழமண்டலக் கரையைப் பஞ்சம் வாட்டிய போதெல்லாம் அவ்வாணிகம் பெருகிற்று. பசிக்கொடுமை தாளாது பெற்றோர் தம் மக்களை விற்றனர். சிலர் தம்மையே விற்றுக்கொண்டனர். ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்திலே, சித்திரவேலை யமைந்த கற்களில் அவர்தம் பெயர்கள் இன்றும் விளங்குகின்றன. கப்பலேறிப் போன ஏழைகளுக்கோ இக்கரையிற் கல்லறை ஏது?

“விற்றவர் சம்மதித்தே விற்றார், வாங்கியவர் பணங்கொடுத்தே வாங்கினார், இதில் அநீதி யாது?” என ஒருவர் வினவலாம். பசியின் நெருக்கத்தாற் பிறக்கும் சம்மதம் சம்மதமாகாது என்பது முதல் விடை. அதனினும் ஆழ்ந்த விடையொன்றுண்டு. மனிதன் சர்வேசுரனுடைய சாயலாகச் சிருஷ்டிக்கப்பட்டவன். அவனுயிர் அவனுக்கே காணியாட்சியன்று. காத்துக்கொள்ளும்படி அவனிடம் ஒப்புவிக்கப்பட்டது. தனக்குச் சொந்தமல்லாததை ஒருவன் எங்ஙனம் விற்பான்? பிறன் எங்ஙனம் வாங்குவான்? ஆதலாலன்றோ 1992-ம் ஆண்டின் கத்தோலிக்க ஞானோபதேசம் அடிமைத்தனத்தைக் களவை விலக்கும் ஏழாங் கற்பனையின்கீழ் வைத்துக் கண்டிக்கின்றது!

இவ்வுண்மையைக் கிறிஸ்தவர்களே மறந்ததுண்டு. 1452-ல் 5-ம் நிக்கொலாஸ் பாப்பானவர், புறமதத்தாரை அடிமைப்படுத்தப் போர்த்துக்கல் அரசருக்கு உத்தரவளித்தார். 1537-லோ 3-ம் சின்னப்பர் பாப்பானவர், விசுவாசத்துக்குப் புறம்பானவர்களையும் சுயாதீனத்தினின்று நீக்கலாகாதென்று எழுதினார். கெல்திரியாக் கோட்டை எழுவதற்கு 76 ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வாக்கு வெளிவந்தும் கப்பல்கள் ஓடிக்கொண்டேயிருந்தன. 1839-ல் 16-ம் கிரகோரியார் அடிமை வியாபாரத்தை வன்மையாய்க் கண்டித்தார். 1965-ல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம், மனிதரை விற்றல் சிருஷ்டிகரையே அவமதிப்பதாகும் என்று சாற்றிற்று.

நிற்க. இஃதெல்லாம் பழங்கதை யென்று ஏட்டை மூடிவிடலாகாது. இவ்வேரியின் தென்பகுதியைக் கொண்ட திருவள்ளூர் மாவட்டத்திலே, செங்கற்சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணக் கடனாற் கட்டுண்டு கிடந்த இருளர் குடும்பங்கள் நம் காலத்திலேயே மீட்கப்பட்டுள்ளன. அன்று பஞ்சம் செய்ததை இன்று கடன் செய்கின்றது. 1976-ம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், அத்தகைய கடனைத் திருப்பிக் கொடுக்கும் கடமையே இல்லையென்று தீர்க்கின்றது. ஏழையின் கைநாட்டு அவன் உயிரை அடகு வைக்கமாட்டாது என்னும் நீதியை ஈண்டு அரசின் சட்டமும் ஒப்புகின்றது.

மாணவ நண்பர்களே, நாளை நம்மிற் சிலர் அதிகாரிகளாவோம், சிலர் முதலாளிகளாவோம். பசித்தவன் ஒருவன் நம்முன் கைநாட்டிட வருங்கால், “இவன் சம்மதித்தானா?” என்று மாத்திரம் கேளாது, “மறுத்திருந்தால் இவன் பிள்ளைகள் இன்றிரவு உண்பரோ?” என்றும் நம் மனச்சாட்சியைக் கேட்போமாக.