பங்கு எத்தனை?

அன்புள்ள தம்பிக்கு,

நீ எடுத்து அனுப்பிய கோடவுன் சண்டைக் காட்சியைப் பார்த்தேன். ஸ்டண்ட் அருமை. ஆனால் முதல் அடி விழும்வரை எனக்குப் பதற்றம் வரவில்லை. விழுந்த பிறகும் வரவில்லை. கட்களைக் கூட்டி, பின்னணி இசையை (ஆர்.ஆர்.) ஏற்றி ஈடுகட்டப் பார்த்திருக்கிறாய்.

கிறிஸ்டோபர் நோலனின் ‘தி டார்க் நைட்’ (2008) தொடக்கத்தில் வரும் வங்கிக் கொள்ளையை மறுபடி போட்டுப் பார். தெருமுனையில் ஒருவன் நமக்கு முதுகு காட்டி நிற்கிறான். கையில் கோமாளி முகமூடி தொங்குகிறது. கேமரா அவனை நெருங்குகிறது, ஆனால் முகத்தைக் காட்டுவதில்லை. (நம் ஊரில் இந்நேரம் விசில் பறந்திருக்கும்.)

காரில் ஏறியதும் பங்குப் பேச்சு. ஐந்தா, ஆறா? திட்டம் போட்டவனுக்கும் ஒரு பங்கு உண்டாம். அவன் மட்டும் வரவில்லையாம். அந்தச் சாதாரணப் பேச்சு நம் மண்டைக்குள் ஒரு கணக்கை ஏற்றிவிடுகிறது. மொட்டைமாடியில் அலாரத்தை முடக்கியவனை, வேலை முடிந்ததும் கூட்டாளியே சுடுகிறான். பெட்டகத்தைத் திறந்ததும் அந்தக் கூட்டாளிக்கும் அதே கதி. வேலை முடிந்தால் சாவு என்பது விதியாகிவிட்டது. அதற்குப் பிறகு துப்பாக்கியே வேண்டாம், பைகளில் பணம் நிரம்புவதே பயமுறுத்துகிறது.

நடுவில் வங்கி மேலாளர் ஷாட்கன்னோடு கிளம்புகிறார். நடிகர் வில்லியம் ஃபிக்ட்னர். மைக்கேல் மானின் ‘ஹீட்’ (1995) படத்திலும் இருந்தவர்; அந்தப் படத்துக்கு நோலன் வைத்த வணக்கமாகவே இந்தத் தேர்வை எடுத்துக்கொள்கிறேன். குண்டு தீர்ந்துவிட்டதா என்று ஒரு முகமூடி கேட்க, இன்னொன்று தலையசைக்கிறது. நம்பி எழுந்தவன் மேல் குண்டு உரசுகிறது. எண்ணத் தெரியாதா என்று எரிந்துவிழுகிறான். நாமும் தப்பாகத்தானே எண்ணியிருந்தோம்!

ஒளிப்பதிவாளர் வாலி ஃபிஸ்டர் இந்தக் காட்சியை ஐமாக்ஸ் கேமராவில் எடுத்தார். அந்த உயரமான சட்டகத்தில் வங்கிக் கூடமே அடங்குகிறது, யார் எங்கே என்பதில் குழப்பமில்லை. படத்தொகுப்பாளர் லீ ஸ்மித்தின் கட்கள் வேகமானவை, ஆனாலும் நம் எண்ணிக்கையைக் கலைப்பதில்லை. உன் கோடவுனில் எத்தனை பேர் என்று எனக்கு இன்னும் தெரியாது.

கடைசியில் இருவர்தான் மிச்சம். அடுத்து என்னைத்தானே கொல்லப்போகிறாய் என்று ஒருவன் துப்பாக்கியை நீட்டுகிறான். இல்லை, பஸ் டிரைவரை என்கிறான் மற்றவன். எந்த டிரைவர் என்று கேட்ட மறுகணம், வாசலை உடைத்துக்கொண்டு ஒரு பள்ளிப் பேருந்து பின்பக்கமாக வந்து அவனை அடித்துத் தள்ளுகிறது. நம் கணக்கில் வராத ஆள்! கணக்கை அவ்வளவு பொறுமையாக ஏற்றியதே இந்த ஒரு இடத்துக்காகத்தான்.

உன் காட்சிக்கு வருகிறேன். கோடவுனுக்கு ஒரே கதவு. அதை வெளியிலிருந்து யாரோ பூட்டும் ஷாட் ஆறாவது நிமிடத்தில் வருகிறது. அதைத் தூக்கி முதலில் வை. நாயகனுக்குத் தெரிய வேண்டாம், எங்களுக்குத் தெரியட்டும். எதிரிகள் அத்தனை பேரும் தெரிகிற மாதிரி ஒரு வைடு ஷாட்டைச் சண்டைக்கு முன் நிதானமாக ஓடவிடு. ஆர்.ஆர். சேர்க்காமலே எனக்கு அனுப்பு. இசையமைப்பாளரிடம் அதன் பிறகு போகலாம்.

அன்புடன்,
அண்ணன்