நம்பிக்கைகளும் உண்மைகளும்: கம்பளி நூலும் வெயில்கால நாய்களும்

ஆண்டுதோறும் ஏப்ரல் 5ஆம் திகதியிலிருந்து 15ஆம் திகதி வரைக்கும் சூரியன் இலங்கைக்கு நேர் மேலே நகர்ந்து போகும். கண்டிப் பக்கத்தில் அது உச்சிக்கு வருவது சித்திரை வருஷப் பிறப்புக்குச் சில நாட்கள் முன்னால். அந்த நாட்களில் தெல்தோட்டையில் ஒரு பெண் இஸ்தோப்பில் உட்கார்ந்து நிட்டிங் செய்கிறாள், காலடியில் நாயும் படுத்திருக்கிறது என்றால், பாதையில் போகிறவர்கள் புத்தி சொல்லாமல் போக மாட்டார்கள். "ஏன் புள்ள, இந்த வெயில்ல போயி கம்பளியத் தொடுற? ஒடம்பு சூடு புடிச்சிரும்." "அந்த நாய்க்கு மயிர வழிச்சு விடு, பாவம்." "வெயில் ஏறுனா நாய்க்கு வெறி புடிக்கும், தள்ளி ஒக்காரு."

எல்லாம் அக்கறையில் சொல்வதுதான். ஆனாலும் இந்தப் பேச்சுகளில் சில நாயின் உயிரை எடுக்கக்கூடியவை, ஒன்று மனித உயிரையும். பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றே. சூடு என்பது கம்பளிக்குள்ளும் மயிருக்குள்ளும் குடியிருக்கும் குணம் என்று நினைத்துவிடுகிறோம். சூடு எங்கும் குடியிருப்பதில்லை, இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. அது எங்கிருந்து எங்கே போகிறது, வழியில் எது மறிக்கிறது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

"வெயில் காலத்தில் கம்பளியைத் தொட்டால் சூடு பிடிக்கும்"

கூடையில் கிடக்கும் நூல் உருண்டையும் பக்கத்துச் சுவரும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. மடியில் விரிந்து கிடக்கும் பாதி பின்னிய சுவெட்டர் நம் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் மறிக்கிறது, அதனால் வேர்க்கிறது. பெரிய உருப்படியைப் பக்கத்தில் ஒரு முக்காலியில் தாங்கவைத்துப் பின்னினால், அல்லது வெயில் மாதங்களில் காலுறை, தொப்பி என்று சின்னதாக எடுத்துக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை. கம்பளி எதிர்த்திசையிலும் சூட்டை மறிக்கும். கடும் வெயிலில் நிற்கும் செம்மறியாட்டின் கம்பளி நுனி கை வைக்க முடியாதபடி சுட்டாலும், அடியில் தோலுக்கு அந்தச் சூடு முழுதாகப் போய்ச் சேராது.

இதை நம் மலைக்குப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர இந்தப் பக்கத்து மலையில்தான் இருக்கிறது. தோட்டத்துக்கு வந்த நம் முன்னோருக்குக் கம்பளியைக் கொடுத்து, அதன் விலையைக் கடன் கணக்கில் ஏற்றினார்கள். அந்த முரட்டுக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டுதான் மழையில் கொழுந்து பறித்தார்கள். தன் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்ட பிறகும் கம்பளி உடம்புக்குச் சில்லிடாது. கடன்பட்டு வாங்கிய பொருள் என்றாலும், அதன் குணத்தை அனுபவித்து அறிந்தவர்கள் அவர்கள்.

நாம் இன்று கடையில் வாங்கும் 'கம்பளி நூல்' பெரும்பாலும் கம்பளியே இல்லை, அக்ரிலிக். அது வேர்வையை உறிஞ்சாது, அதனால்தான் நடுப்பகலில் விரலோடு ஒட்டிக்கொண்டு ஊசியில் நகர மறுக்கிறது. சந்தேகமென்றால் ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி, முற்றத்தில் வைத்து, இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். உண்மையான கம்பளி தயங்கித் தயங்கி எரியும், தலைமயிர் கருகிய நாற்றம் வரும், மிஞ்சும் கரியைக் கசக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டி, ஆறியதும் கடுகு போலக் கெட்டியான மணியாக நிற்கும். பருத்தி நூலில் கடதாசி எரிகிற மணம் வரும். வெயிலுக்குப் பருத்தி நல்லதுதான். ஆனால் பாரம் கூட, இழுவை இல்லை, மணிக்கட்டு சீக்கிரம் வலிக்கும்.

நாம் பின்னுவதில் பாதி பச்சைக் குழந்தைத் தொப்பி என்பதால் இதையும் சொல்லவேண்டும். குழந்தை தன் மேலதிகச் சூட்டைப் பெரிதும் தலை வழியாகத்தான் வெளியேற்றுகிறது. ஏப்ரல் மாதத்தில் வீட்டுக்குள் தூங்கும் குழந்தைக்குக் கம்பளித் தொப்பி போடுவது ஆபத்து. பின்னிக் கொடுக்கும்போதே, வெளியில் குளிர் காற்று வீசும்போது போடச் சொல்லிக் கொடுங்கள்.

"மலைநாட்டு நாய்க்கு வெயில் ஒன்றும் செய்யாது"

ஆயிரம் மீற்றர் ஏறினால் காற்றின் வெப்பம் ஆறு பாகைக்கு மேல் குறையும். அது உண்மை. ஆனால் அதே உயரத்தில் வெயிலின் புற ஊதாக் கதிர் பத்து வீதமளவு கூடும். நிழலில் குளிரும், வெயிலில் எரிக்கும். தார்ப் பாதைக்கு மலைநாடு, கீழ்நாடு என்ற பேதம் கிடையாது. புறங்கையைத் தாரில் வைத்து ஏழு நொடி தாங்கமுடியவில்லை என்றால் அதில் நாயை நடத்தக்கூடாது.

"நாய்க்கு நாக்கால் வேர்க்கும், காற்றாடி போட்டால் போதும்"

நாய்க்கு நாக்கில் வேர்ப்பதில்லை. அதன் வேர்வைச் சுரப்பிகள் பாதத்தின் அடியில்தான் இருக்கின்றன, அவற்றால் பெரிய பயனும் இல்லை. நாய் மூச்சிரைக்கும்போது நாக்கு, வாய், மூக்குக் குழாய் ஆகியவற்றின் ஈரம் ஆவியாகிச் சூட்டை வெளியே கொண்டுபோகிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் இது நடக்காது. எங்கள் பக்கத்தில் மார்ச், ஏப்ரல் பிற்பகல்களில் இடிமழைக்கு முன்னால் ஒரு புழுக்கம் வருமே, துணி உலராது, இலை அசையாது, அந்த நேரம்தான் நாய்க்குக் கெட்ட நேரம். வெப்பமானி பெரிதாக ஒன்றும் காட்டாமல் இருக்கலாம். பக் போன்ற சப்பை மூக்கு நாய்க்கும், கிழட்டு நாய்க்கும், கொழுத்த நாய்க்கும் இன்னும் மோசம். காற்றாடி நமக்குச் சுகமாயிருப்பது நம் தோல் வேர்வையில் நனைந்திருப்பதால். நாயின் தோல் உலர்ந்திருக்கிறது. வயிற்றையும் கால் இடுக்கையும் நனைத்துவிட்டுக் காற்றாடி போட்டால்தான் அதற்குப் பயன்.

"மயிரை மொட்டையாக வழித்துவிட வேண்டும்"

நம்மூர் நாய்களுக்கு வழிக்கிற அளவு மயிரே கிடையாது. பொமரேனியன், அல்சேஷன் வளர்ப்பவர்கள்தான் வருஷப் பிறப்புக்கு முன் நாயை மொட்டையடிக்கிறார்கள். இவற்றுக்கு மேல் மயிர், அடியில் பஞ்சு மயிர் என்று இரண்டு அடுக்கு உண்டு. வெயில் தோலில் நேராக விழாமல் மேலடுக்கு தடுக்கிறது, அதை எடுத்துவிட்டால் தோல் எரியும். சிலவற்றுக்கு மயிர் பழையபடி வளராமலே போகும். எடுக்கவேண்டியது உதிர்ந்து சிக்கிக் கிடக்கும் அடிப் பஞ்சைத்தான். தினமும் சீவினால் அதுவே வந்துவிடும்.

சீவி எடுத்த பஞ்சைக் கையில் உருட்டிப் பார்க்காத நிட்டிங்காரி இருக்கமாட்டாள். அந்த ஆசை புதிதல்ல. வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் சேலிஷ் மக்கள் மயிருக்காகவே ஒரு நாய் இனத்தை வளர்த்து, அதைச் செம்மறி போலக் கத்தரித்து, மலையாட்டு மயிரோடு கலந்து போர்வை நெய்தார்கள். 1859இல் இறந்த 'மட்டன்' என்ற அவ்வினத்து நாயின் தோல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் மரபணுவை ஆராய்ந்த முடிவு 2023இல் வெளிவந்தது. இனமோ அழிந்துவிட்டது.

"சூடேறி விழுந்த நாய்க்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் செத்துவிடும், ஈரச் சாக்கால் மூடு"

இந்தப் பட்டியலில் நாய்களை அதிகம் கொல்லும் நம்பிக்கை இதுவாகத்தான் இருக்கும். நாயின் சாதாரண உடல் வெப்பம் 38க்கும் 39க்கும் இடையில், கொஞ்சம் மேலேயும் போகலாம். 41ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். நாக்கு நுனி மண்வெட்டி போல விரியும். எச்சில் கயிறாகத் தொங்கும். முரசு கடுஞ்சிவப்பாகும். பின்னங்கால் தள்ளாடும். பிறகு வாந்தி, வலிப்பு. இந்த நிலையில் ஒவ்வொரு நிமிஷமும் பெறுமதியானது.

உடனே நிழலுக்கு இழுத்து, பீலித் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ, கிடைத்ததை ஊற்றவேண்டும். மூக்கும் வாயும் மூழ்காமல் பார்த்துக்கொண்டு உடம்பெல்லாம் ஊற்றி, விசிறவேண்டும். பச்சைத் தண்ணீர் பட்டால் அதிர்ச்சியில் செத்துவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. தாமதம்தான் கொல்கிறது. ஈரச் சாக்கைப் போர்த்தினால் சில நிமிஷத்தில் அது நாயின் சூட்டை வாங்கி, ஆவி வெளியேறவும் விடாமல் மூடிக்கொள்ளும். நனைந்த கம்பளி என்ன செய்யும் என்று பின்னுகிறவர்களுக்குத் தெரியும்.

தெல்தோட்டைக்காரர்களுக்கு இதில் இன்னொரு காரணமும் இருக்கிறது. நாட்டின் ஒரே விலங்கு மருத்துவ பீடமும் அதன் போதனா வைத்தியசாலையும் பேராதனையில் இருக்கின்றன. அங்கே போக வேண்டுமென்றால் கலஹா வழியாக வளைந்து வளைந்து இறங்கவேண்டும். சூடேறிய நாயை அப்படியே த்ரீவீலரில் தூக்கிப் போட்டுக்கொண்டு புறப்பட்டால் அது பாதி வழி தாங்காது. முதலில் குளிரவைக்கவேண்டும், பிறகுதான் பயணம். மிருக வைத்தியர்கள் இன்று சொல்லும் ஒழுங்கும் அதுவே. எழுந்து நின்றுவிட்டாலும் கொண்டுபோய்க் காட்டத்தான் வேண்டும். சிறுநீரகத்தில் பட்ட அடி மறுநாள்தான் தெரியவரும்.

"வெயில் ஏறினால் நாய்க்கு விசர் பிடிக்கும்"

விசர் வருவது வைரஸால். அந்த நோயுள்ள மிருகம் கடித்தால், அதன் எச்சில் காயத்தில் பட்டால் வரும். மார்கழிப் பனியிலும் வரும். 1973இல் இலங்கையில் 377 பேர் இந்த நோயால் இறந்தார்கள். அண்மைய ஆண்டுகளில் அது 30 அளவுக்கு இறங்கியிருக்கிறது. இந்த ஐம்பது ஆண்டில் வெயில் குறையவில்லை. நாய்களுக்குப் போட்ட தடுப்பூசியும், கடிபட்டவர்களுக்கு அரச ஆஸ்பத்திரிகளில் கொடுத்த மருந்தும்தான் அந்த எண்ணிக்கையைக் குறைத்தன. வெயிலைக் குற்றம் சொல்கிறவர்கள் மழைக்காலத்தில் கடிபட்டால் "இப்ப வெயில் இல்லையே" என்று மஞ்சளை அப்பிவிட்டு இருந்துவிடுகிறார்கள். அதுதான் என் பயம். கடிபட்ட இடத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். நோய்க்குறி தெரிந்த பிறகு காப்பாற்ற ஏறக்குறைய வழியே இல்லை.

தண்ணீர் வைத்துப் பார்க்கும் சோதனையையும் விட்டுவிடுங்கள். தண்ணீருக்கு அஞ்சுவது மனிதரில் தெரியும் அறிகுறி. விசர் பிடித்த நாய் தண்ணீரில் வாய் வைக்கும், தொண்டைத் தசை செயலிழந்தால்தான் விழுங்க முடியாமல் போகும். குடித்துவிட்டது, பயமில்லை என்று கிட்டப் போகக்கூடாது. வெயிலில் சூடேறிய நாயும் எச்சில் வடிய, கண் வெறிக்க, தள்ளாடித்தான் நடக்கும். அதை விசர் என்று அடித்துக் கொன்றுவிடுகிறார்கள். ஊசி போட்ட நம் வீட்டு நாய் வெயிலில் கிடந்து இப்படி ஆனால் உடனே குளிரவைக்கலாம். தெரியாத தெரு நாய் என்றால் கையை வாய்ப் பக்கம் கொண்டுபோகாமல், எட்ட நின்று வாளித் தண்ணீரை வீசுங்கள்.

"நூலை விழுங்கினால் தானாக வெளியே வந்துவிடும்"

வெயில் நேரத்தில் நாய் சீமெந்துத் தரையைத் தேடி வரும், மயிர் குறைந்த வயிற்றை அதில் ஒட்டிப் படுத்துச் சூட்டை இறக்கும். அப்படித்தான் அது நம் நாற்காலிக்கடியில், நூல் கூடைக்குப் பக்கத்தில் வந்து சேர்கிறது. பொழுது போகாத குட்டி ஒன்று உருண்டையை மென்றால் பலர் சிரித்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். கல்லோ எலும்போ ஒரு இடத்தில் அடைக்கும். நூல் செய்வது வேறு. ஒரு முனை நாக்கடியிலோ இரைப்பை வாசலிலோ மாட்டிக்கொள்ளும், மறுமுனையைக் குடல் உள்ளே இழுத்துக்கொண்டே போகும். குடல் பாவாடை நாடாவைப் பிடித்திழுத்த மாதிரி சுருங்கிக்கொள்ள, இறுகிய நூல் அதன் உட்சுவரை அறுக்கும். வாந்தி, சாப்பாடு வேண்டாமை, சோர்வு என்று தொடங்கும். வெயிலால்தான் சாப்பிடவில்லை என்று நாம் சும்மா இருந்துவிடுவோம்.

வாயிலோ மலவாயிலோ நூல் தொங்கினால் இழுக்கவே கூடாது, வாந்தி எடுக்கவைக்கவும் கூடாது. அப்படியே மிருக வைத்தியரிடம் கொண்டுபோய், எந்த நூல், எவ்வளவு நீளம் காணவில்லை, ஊசி கோத்திருந்ததா என்று சொல்லுங்கள்.

கம்பளிக்குள் போடும் பூச்சி உருண்டையும் நாய்க்கு நஞ்சு. ஒன்றை விழுங்கினாலே சிறிய நாய்க்கு ஆபத்து. அக்ரிலிக், பருத்தி நூல்களுக்கு அது தேவையே இல்லை, அந்துப்பூச்சியின் புழு தின்பது கம்பளியையும் மயிரையும்தான். உண்மையான கம்பளி வைத்திருப்பவர்களுக்கு நம் பாட்டிமார் சொன்னபடி வெயிலில் உதறிக் காயவைப்பது போதும். அந்த நம்பிக்கை சரியானது. புழு வெளிச்சத்துக்கு அஞ்சும், உதறினால் முட்டையும் உதிரும். நாள் முழுக்க விட்டால் வெள்ளைக் கம்பளி மஞ்சளாகும், அதனால் காலை வெயிலோடு எடுத்துவிடுங்கள். பிறகு நூல், ஊசி, வெட்டிப்போட்ட துணுக்கு எல்லாவற்றையும் இறுக்கமான மூடியுள்ள பிஸ்கட் தகரப் பெட்டியில் போட்டு, நாய்க்கு எட்டாத தட்டில் ஏற்றிவைக்கலாம்.