பேரக்குழந்தையின் தந்தை யார் என்று உறுதியாகத் தெரியாதபோது

உங்கள் மகளோ பேத்தியோ குழந்தை பெற்றிருக்கிறார். தந்தை யார் என்பது உறுதியாகத் தெரியவில்லை. "யாராவது ஒருவர் பெயரைப் போட்டுவிடு, நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்று வீட்டில் பேச்சு எழலாம். பெரியவர்களாகிய நீங்கள் அதற்கு இடம்கொடுக்காதீர்கள். தெரிந்தே பொய்த் தகவல் தருவது குற்றம். தவறாகப் பதிவான பெயரைப் பின்னர் நீக்குவதும் எளிதன்று.

சிங்கப்பூரில் பிறந்த குழந்தையை 42 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். மரபணுச் சோதனையின் முடிவுக்காகக் காத்திருந்து கெடுவைத் தவறவிட வேண்டாம். தாய் மணமாகாதவர் என்றால், அவரும் தந்தையென ஒப்புக்கொள்பவரும் சேர்ந்து கேட்டுக்கொண்டால் மட்டுமே அந்த ஆடவரின் பெயர் சான்றிதழில் இடம்பெறும். இல்லாவிட்டால் அந்த இடம் காலியாக இருக்கலாம், சான்றிதழ் செல்லும். மணமானவருக்கு நிலைமை வேறு. மாறாக நிரூபிக்கப்படாதவரை, சட்டம் கணவரையே தந்தையாகக் கருதும். அதில் ஐயம் இருந்தால், பதிவுக்கு முன்பே வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

தந்தையின் பெயர் இல்லை என்பதற்காகப் பலதுறை மருந்தகத்தில் தடுப்பூசி போட மறுக்கமாட்டார்கள். குறித்த நாளில் அழைத்துச் செல்லுங்கள். பத்தியச் சாப்பாடு பரிமாறும்போது விசாரணை வேண்டாம். பிள்ளை பெற்றவர் முதலில் தூங்கட்டும். அவர் இரண்டு வாரத்துக்கு மேலும் அழுதுகொண்டோ குழந்தையிடம் ஒட்டாமலோ இருந்தால், மருத்துவரிடம் சொல்லுங்கள்.