இரண்டையும் வைத்துக்கொள்

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஓவியக் கல்லூரியில் மூன்றாம் வருஷம் வந்துவிட்டது, இனிமேல் பாட்டு வகுப்பை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். இரண்டு தோணியில் கால் வைக்காதே என்று உனக்கு வேண்டியவர் ஒருவர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறாய். அக்கறையோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அவர் சொன்னது உனக்குப் பொருந்தாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

சங்கீத மும்மூர்த்திகள் என்றதும் உன் மனதில் ஒரு படம் வருமில்லையா? அந்தக் கண்கள், அந்த முகங்கள், அந்த உட்கார்ந்த விதம். சியாமா சாஸ்திரிகள் 1827-இலும் தீட்சிதர் 1835-இலும் தியாகராஜர் 1847-இலும் மறைந்தவர்கள். யாருக்கும் புகைப்படம் கிடையாது. ஆனாலும் சபா மேடையிலும் காலண்டரிலும் பாட்டு டீச்சர் வீட்டுச் சுவரிலும் நாம் பார்த்துப் பார்த்து, அவர்கள் இப்படித்தான் இருந்தார்கள் என்று நம்பிவிட்டோம். அந்த முகங்களை நமக்குக் கொடுத்தவர் எஸ். ராஜம். 1850-இல் தொடங்கி, நீ இப்போது படிக்கிற கல்லூரியாக வளர்ந்த அதே மெட்ராஸ் ஓவியப் பள்ளியில் படித்தவர். அவரே ஒரு பாடகர். மேடையில் பாடியவர், பிறருக்குச் சொல்லிக்கொடுத்தவர், சென்னை வானொலியில் இசைப் பிரிவில் வேலை பார்த்தவர். 1919-இல் பிறந்து 2010-இல் மறைந்தார். அத்தனை நீண்ட வாழ்வில் இரண்டில் எதையும் அவர் விட்டுவிடவில்லை.

அவர் வளர்ந்தது மயிலாப்பூரில். அப்பா சுந்தரம் ஐயர் வக்கீல். சங்கீத வித்வான்கள் வந்துபோகிற வீடு. மார்கழி விடியற்காலையில் கபாலீசுவரர் கோயில் மாடவீதிகளில் பாபநாசம் சிவன் பஜனை பாடிக்கொண்டு போன காலம் அது. அந்தச் சிவனிடமே ராஜம் பாட்டுக் கற்றுக்கொண்டார். முத்துசுவாமி தீட்சிதரின் பரம்பரையில் வந்த அம்பி தீட்சிதரிடமும் கற்றார். இதைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பார். தீட்சிதர் குடும்பத்து மனிதரின் வாயிலிருந்து தீட்சிதர் கிருதியைப் பாடம் பண்ணிய பையன்தான் பிற்பாடு தீட்சிதரின் முகத்தை வரைகிறான். ஒரு கமகத்தை எங்கே நிறுத்த வேண்டும், ஒரு வார்த்தையில் எவ்வளவு நேரம் தங்க வேண்டும் என்று தொண்டையால் தெரிந்துகொண்டவன் வரைந்த முகம் அது. அந்தப் படத்தில் இருக்கிற அமைதி தூரிகைப் பழக்கத்தால் மட்டும் வந்தது என்று என்னால் நம்ப முடியவில்லை.

1934-இல் 'சீதா கல்யாணம்' படம் வந்தது. ராமராக நடித்தவர் ராஜம், சீதையாக அவருடைய தங்கை. ராவணன் சபையில் கஞ்சிரா வாசித்த சின்னப் பையன் அவர்களுடைய தம்பி. அவன்தான் பிற்காலத்து வீணை எஸ். பாலசந்தர். பாபநாசம் சிவன் முதன்முதலில் சினிமாவுக்கு இசையமைத்ததும் அந்தப் படத்துக்குத்தான். இந்தத் தம்பியைப் பற்றி உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதே வீடு, காதில் விழுந்ததும் அதே பாட்டுகள். அவர் யாரிடமும் முறையாகக் கற்காமல் தானாகவே வீணை பழகினார். 1954-இல் 'அந்த நாள்' என்று ஒரு படம் இயக்கினார், அதில் ஒரு பாட்டுகூடக் கிடையாது. தமிழில் பாட்டே இல்லாமல் வந்த முதல் படம் அது. இசையில் ஊறிய வீட்டுப் பிள்ளை பாட்டில்லாமல் படம் எடுக்கிறான்! ஆகவே குழந்தைப் பருவம் நம்மை ஒரே தடத்தில் தள்ளிவிடும் என்று பயப்படாதே. அது கைநிறையப் பொருள் கொடுக்கும். அதை என்ன செய்வது என்பது வளர்ந்தவர் பாடு.

ராஜமும் கிடைத்ததை அப்படியே வைத்துக்கொண்டவர் இல்லை. ஓவியப் பள்ளியில் அந்தக் காலத்தில் மேல்நாட்டு முறை ஓங்கியிருந்தது: ஆளை எதிரே உட்காரவைத்து வெளிச்சமும் நிழலுமாக அச்சு அசலாக வரைவது. அதை அவர் நன்றாகவே கற்றார். கற்ற பிறகு அஜந்தாவையும் சித்தன்னவாசலையும் தேடிப் போனார். பாதி மூடிய நீண்ட கண், நீண்ட விரல், வளைந்து ஓடுகிற கோடு எல்லாம் அங்கிருந்து எடுத்துக்கொண்டவை. ஏழு ஸ்வரங்களுக்கும் உரிய தேவதைகளைத் தனித்தனியாக வரைந்திருக்கிறார். ஷட்ஜத்துக்கு மயில், ரிஷபத்துக்குக் காளை, பஞ்சமத்துக்குக் குயில், நிஷாதத்துக்கு யானை என்று பழைய சங்கீத மரபு சொல்லி வைத்திருக்கிறதே, அந்த உலகத்துக்குள் இருந்துகொண்டு வரைந்தவர் அவர்.

பாட்டிலும் அதே துணிவுதான். எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களில், அதாவது தாய் ராகங்களில், நாற்பது விவாதி ராகங்கள்; ஒன்றுக்கொன்று ஒவ்வாத ஸ்வரங்கள் அடுத்தடுத்து வருகிறவை. அவற்றைப் பாடினால் தோஷம் என்று பலர் ஒதுங்கியபோது, கோடீஸ்வர ஐயர் எழுபத்திரண்டிலும் தமிழில் கீர்த்தனை செய்துவைத்தார். ராஜம் அவற்றையெல்லாம் பாடினார், பரப்பினார். பக்கத்தில் பக்கத்தில் வைக்கக்கூடாது என்று பிறர் சொல்லும் இரண்டு வண்ணங்களை வைத்துப் பார்த்துப் பழகிய கண்தான், அப்படிப்பட்ட இரண்டு ஸ்வரங்களையும் பயமில்லாமல் அணுகவைத்தது என்பது என் எண்ணம். அவர் அப்படிச் சொன்னதாக எண்ணிக்கொள்ளாதே, இது நானாக நினைப்பது.

இப்போது உன் விஷயம். நீ பிறந்த வீட்டில் வித்வான்கள் வந்து தங்கவில்லை. ஆனால் உன் பாட்டி வாசலில் புள்ளிக் கோலம் போடும்போது முணுமுணுத்த நலங்குப் பாட்டு உன் காதில் இருக்கிறது. கும்பாபிஷேகத்துக்காக நம் தெருக் கோயிலில் சுதைச் சிற்பங்களுக்கு வர்ணம் அடித்தபோது, பள்ளிக்கூடம் விட்டதும் சாரத்தின் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பாய். பக்கத்துத் தெருவில் நாகஸ்வரக்காரர் சாயங்காலம் சாதகம் பண்ணுவார். அந்த நேரத்துக்கு நீ படிக்கிற புத்தகத்தை மூடிவிடுவாய். இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுது. பன்னிரண்டு வயதுக்குள் கேட்டது, பார்த்தது, தொட்டது எல்லாம். அலங்காரமாக எழுத வேண்டாம். எந்த நிறம், எந்தப் பாட்டு, யார், எங்கே, அவ்வளவு போதும். நீ வரையப்போவது பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும்.

ராகத்துக்கு நிறம் கொடுக்கிறேன் என்று பலர் கேன்வாஸில் வண்ணத்தை அள்ளித் தெளிக்கிறார்கள். அதில் நீ இறங்காதே. கல்யாணி மஞ்சளா பச்சையா என்ற ஆராய்ச்சியில் பாட்டும் இல்லை, படமும் இல்லை. காலையில் தம்பூராவோடு ஒரு மணி நேரம் உட்கார். பிறகு வரையப் போ. வரையும்போது ஹெட்போனைக் கழற்றி வை. ஒன்று மற்றொன்றுக்குள் எப்போது எப்படி இறங்கும் என்பதை உன்னால் தீர்மானிக்க முடியாது, தீர்மானிக்க முயலவும் வேண்டாம்.

ஒன்றை முதன்மையாக வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் அதுவும் சரிதான். சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகரத்துக்குப் பக்கத்தில் 1879-இல் பிறந்த ஓவியர் பால் க்ளேயின் அப்பா இசை ஆசிரியர், அம்மா பாட்டுப் படித்தவர். ஏழு வயதில் வயலின் பிடித்து, பதினோரு வயதில் ஊர் இசைக்குழுவில் வாசித்தார். வரையப் பழக்கியது பாட்டி. 1898-இல் ஓவியம் படிக்க மியூனிக் போனார். ஓவியம்தான் தொழில் என்றும் ஆனது. வயலினை மட்டும் கீழே வைக்கவில்லை. 1911-இல் தன் படைப்புகளுக்குப் பட்டியல் எழுதத் தொடங்கியபோது, சிறு வயதில் வரைந்த படங்கள் சிலவற்றையும் அதில் சேர்த்தார். உன் பழைய டிராயிங் நோட்டுகள் பரணில் இருப்பதாக அம்மா சொன்னாள். தீபாவளிக்கு வீடு ஒழிக்கும்போது எடைக்குப் போட்டுவிடாதீர்கள் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

வருமானத்தைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தாய். நியாயமான கவலை. மாதச் சம்பளம் வருகிற வேலை ஒன்றைத் தேடிக்கொள். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. ராஜமும் வானொலி நிலையத்துக்கு வேலைக்குப் போனவர்தான்.

பொங்கல் லீவில் இங்கே வா. புதுக்கோட்டையிலிருந்து சித்தன்னவாசல் சுமார் 16 கிலோமீட்டர்தான், காலையிலேயே கிளம்பிவிடலாம். கூரையில் இருக்கிற அந்தத் தாமரைக் குளத்தைப் படத்தில் பார்த்தது போதாது, நேரில் நின்று பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு காரியம் செய். பாட்டு வகுப்பை நிறுத்தப்போவதாக டீச்சரிடம் இன்னும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாய். சொல்லாதே. வருகிற வாரம் வழக்கம்போல வகுப்புக்குப் போ.

இப்படிக்கு,
உன் பெரியப்பா