கணினிக் கிட்டங்கியில் தனியறை

1929-இல் போ தேயிலைத் தோட்டம் தோன்றிய கேமரன் மலையிலே, தேயிலைப் பெட்டிக்குப் பக்கத்தில் கருவாட்டை அடுக்கும் வியாபாரி எவருமிலர். தேயிலை அண்டைச் சரக்கின் வாடையை இழுத்துக்கொள்ளும். கடைக் கணினியில் மட்டும் நாம் அந்தக் கவனத்தைக் காட்டுவதில்லை.

லினக்ஸ் சர்வர் ஒன்றினுள் கே.வி.எம். துணையால் பேரேட்டுக்கு ஒன்றும் சரக்கிருப்புக்கு ஒன்றுமாக மெய்நிகர் கணினிகளை நடத்தலாம். 2007 முதல் இவ்வசதி லினக்ஸின் கருவிலேயே உண்டு. ஆனால் அவற்றின் வட்டுக் கோப்புகள், நாம் மாற்றாவிடில், 'வார்' என்னும் அடைவின்கீழ், பெரும்பாலும் சர்வரின் சொந்தக் கோப்புகள் உள்ள பகுதியிலேயே கிடக்கும். 100 கிகாபைட் என்று ஒதுக்கிய கோப்பு முதலில் சிறிதாயிருக்கும். எழுத எழுதப் பெருகும். இடம் தீர்ந்த அன்று பேரேட்டுக் கணினி பாதிப் பதிவில் நின்றுவிடும். சர்வரும் தன் குறிப்புகளை எழுத வழியின்றித் தடுமாறும். அது பெரும்பாலும் மாதக் கடைசியாகத்தான் இருக்கும்!

ஆகவே, எல்.வி.எம். முறையில் சர்வருக்கு ஒரு பகுதியும் ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் ஒவ்வொரு பகுதியும் பிரித்துக்கொள்வோமாக. கொஞ்சம் இடத்தை ஒதுக்காமல் விட்டுவைத்தால், குறைந்த அறைக்குப் பின்னர் கூட்டித் தரலாம்.

பிரித்துவிட்டதால் காப்பு ஆகிவிட்டதென எண்ணலாகாது. வட்டு பழுதானால் எல்லா அறைகளும் ஒருங்கே போகும். வருமான வரிச் சட்டம் கேட்கும் 7 ஆண்டுக் கணக்கின் நகல் வேறொரு வட்டில், வேறொரு கட்டடத்தில் இருக்கட்டும். அதை மாதம் ஒருமுறை திறந்தும் பார்ப்போம்.