புல் வெட்டும் எஞ்சின் பறக்குமா?

தோப்பிலும் ரோட்டோரத்திலும் தோளில் மாட்டிக்கொண்டு புல் வெட்டுகிற மெஷினைப் பார்த்திருப்பீர்கள். முனையில் பிளேடு சுற்றும், சிலதில் நைலான் நரம்பு சுற்றும். அந்த நரம்பு மெஷினை 1971-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஜார்ஜ் பல்லாஸ் என்பவர் கண்டுபிடித்தார். கார் கழுவும் இடத்தில் சுழலும் பிரஷ்களைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது. ஒரு தகர டப்பாவில் தூண்டில் நரம்பைக் கட்டிச் சுற்றவிட்டுப் பார்த்தார். புல் அறுபட்டது!

பிற்பாடு அந்த நாட்டில் மாடல் விமானம் செய்கிறவர்கள் கண் இந்த மெஷின் மேல் விழுந்தது. காரணம் காசுதான். மாடல் விமானத்துக்கென்றே விற்கும் ‘குளோ’ எஞ்சினுக்கு மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் கலந்த தனி எரிபொருள் வேண்டும். விலை ஜாஸ்தி. புல்வெட்டி எஞ்சினுக்குப் பெட்ரோலும் கொஞ்சம் டூ-டி ஆயிலும் போதும். (40-க்கு 1 கலவை என்றால் 1 லிட்டருக்கு 25 மில்லி.) பழைய மெஷின் சல்லிசாகவும் கிடைக்கும். ரியோபி, ஹோம்லைட் போன்ற கம்பெனிகளின் 25 முதல் 31 சிசி எஞ்சின்களைக் கழற்றி, இறக்கை 2 மீட்டர் அளவு உள்ள பெரிய மாடல்களில் மாட்டினார்கள்.

எஞ்சினைப் பொறுத்தவரை நம்ம பழைய டிவிஎஸ் 50-யும் இதுவும் ஒரே ஜாதி, டூ ஸ்ட்ரோக். ஆனால் கார்புரேட்டர் வேறு. மொபெட் கார்புரேட்டரில் பெட்ரோல் ஒரு சின்னக் கிண்ணத்தில் நிற்கும். தலைகீழாகப் பிடித்தால் கொட்டிவிடும். புல் வெட்டுகிறவர் மெஷினை எப்படி வேண்டுமானாலும் சாய்ப்பார் என்பதால் இதில் கிண்ணமே கிடையாது, மெல்லிய சவ்வுதான் இருக்கும். பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது அடியில் உள்ள கிராங்க் அறையில் காற்றழுத்தம் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் ஒரு பொடி ஓட்டை வழியாக வந்து சவ்வைத் துடிக்க வைக்கும். சவ்வு துடிக்கத் துடிக்க பெட்ரோல் உள்ளே இழுபடும். விமானம் குட்டிக்கரணம் போட்டாலும் எஞ்சின் நிற்காதது இதனால்தான்.

பலர் தடுக்கி விழுந்த இடமும் இந்தப் பொடி ஓட்டைதான். விமானத்தின் மூக்கில் இடம் போதாமல் கார்புரேட்டரைத் திருப்பி வைத்து, புது கேஸ்கட் வெட்டிப் போடுவார்கள். ஓட்டை அடைபட்டுவிடும். எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், நாலு செகண்டு ஓடும், அப்புறம் பொசுக்குனு நின்னுடும். பிளக்கை மாற்றி, காயிலை மாற்றி, மண்டையை உடைத்துக்கொள்வார்கள். கேஸ்கட்டில் ஒரு ஓட்டை போட்டால் சரியாகிற விஷயம்!

அடுத்தது எடை. தரையில் எடை பிரச்சினை இல்லை, வானத்தில் ஒவ்வொரு கிராமும் கணக்கு. கயிறு இழுக்கும் ஸ்டார்ட்டர், கிளட்ச், பிளாஸ்டிக் மூடி, டேங்க் எல்லாம் வெளியே போகும். கிளட்ச் இருந்த இடத்தில், லேத்தில் கடைந்த ஒரு ஹப்பை வைத்துப் புரொப்பல்லரை மாட்டுவார்கள். (இனிமேல் காத்தாடி என்றே எழுதுகிறேன், கை வலிக்கிறது.) ஃப்ளைவீலில் உள்ள விசிறி இதழ்களையும் அறுத்துவிடுவார்கள். புல்வெட்டி ஓடாமல் ஒரே இடத்தில் நிற்பதால் சிலிண்டருக்குக் காற்று அடிக்க அந்த இதழ்கள் தேவைப்பட்டன. விமானத்தில் அந்த வேலையைக் காத்தாடியே செய்துவிடும். இதழ்களை ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய அறுத்தால் மட்டும் எஞ்சின் ஆட்டம் காணும்.

ஒரு கேள்வி. எஞ்சின் எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறது, காற்று முன்னால் அடிக்கிறது. காத்தாடியை முன்பின்னாகத் திருப்பி மாட்டினால் சரியாகுமா? நானும் ஆகும் என்றுதான் நினைத்தேன். ஆகாது! ஒரு நட்டைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். வலது மரை எப்போதும் வலது மரைதான். காத்தாடியும் அப்படித்தான். எதிர் மரையில் செய்த காத்தாடியைத்தான் வாங்க வேண்டும்.

இப்போது முக்கியமான விஷயம். எங்க தெரு மெக்கானிக் அண்ணன் ஒரு மருந்தடிக்கும் மெஷின் எஞ்சினைப் பிரித்து வைத்திருந்தார். இதே மாதிரி எஞ்சின்தான். “அண்ணே, ஸ்விட்ச் ஒயரை வெட்டிட்டா எஞ்சின் நின்னுடும்ல?” என்று கேட்டேன். சிரித்தார். “அதான்டா தம்பி இல்ல. ஒயரு அறுந்தா நிக்கவே நிக்காது. பாடியில தொட்டாத்தான் நிக்கும்” என்றார்.

இதில் பேட்டரி இல்லை. ஃப்ளைவீலில் உள்ள காந்தம் ஒவ்வொரு சுற்றிலும் காயிலைக் கடக்கும்போது மின்சாரம் பிறந்து பிளக்கில் பொறி வரும். அந்த ஒயர் எஞ்சின் பாடியைத் தொட்டால் மின்சாரம் அந்த வழியே ஓடிவிடும், பொறி வராது. நிறுத்துவதற்கு அது ஒன்றுதான் வழி. ஒற்றை சிலிண்டர் எஞ்சின் நடுங்குகிற நடுக்கத்தில் ஒயர் அறுந்துவிட்டால், ஸ்விட்சை எத்தனை தடவை அமுக்கினாலும் காத்தாடி சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் ரேடியோவால் இயங்கும் ஒரு குட்டி மோட்டாரை வைத்து, கார்புரேட்டரின் சோக்கை மூடவும் ஏற்பாடு செய்வார்கள். காற்று போகாவிட்டால் எஞ்சின் நின்றுதானே ஆகணும்.

அது ஏன் அவ்வளவு அவசியம்? கணக்குப் போடுவோம். 18 அங்குலக் காத்தாடி நிமிடத்துக்கு 7000 சுற்று சுற்றுகிறது. விட்டம் 45.7 செ.மீ., சுற்றளவு சுமார் 1.44 மீட்டர். 7000-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 10 கிலோமீட்டர். மணிக்கு 600! காத்தாடியின் முனை அந்த வேகத்தில் போகிறது, கண்ணுக்கு வெறும் புகை மாதிரிதான் தெரியும். விரல் பட்டால் இருக்காது. வாலைக் கட்டிவைத்து, பெரியவர்கள் பின்னால் நின்றுதான் ஓட்டிப் பார்ப்பார்கள். காத்தாடிக்கு முன்னாலோ, அது சுற்றுகிற தளத்துக்கு நேராகப் பக்கவாட்டிலோ யாரும் நிற்கக் கூடாது. ஆர்வக்கோளாறில் மாமா வீட்டு புல்வெட்டியை யாரும் பிரித்துவிடாதீர்கள்!

இப்போது விமானத்துக்கென்றே செய்த சின்ன பெட்ரோல் எஞ்சின்களும் பேட்டரி மோட்டார்களும் வந்துவிட்டதால் இந்த வேலை செய்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள்.

உங்களுக்கு ஒரு கணக்கு: 16 அங்குலக் காத்தாடி நிமிடத்துக்கு 8000 சுற்று சுற்றினால், அதன் முனை மேலே சொன்னதைவிட வேகமா, மெதுவா? விடையை வழிமுறையோடு எழுதி அறிவியல் மன்றப் பெட்டியில் போடுங்கள்.

– அறிவியல் மன்றத்துக்காக, 10-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு