வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?

முன்னுரை

கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929-இல் தோன்றியது. அம்மலைச் சரிவுகளைப் பசுமையாக்கியதில் நம்மவர் உழைப்புக்குப் பெரும் பங்குண்டு. தோட்ட வாழ்வில் ஒரு வீட்டுச் செய்தி மறுநாளே ஊர்ச் செய்தி. எச்.ஐ.வி. கிருமி கண்ட ஒருவர், தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என அஞ்சி, தானா ராத்தா மருத்துவமனைக்குப் போகாமல் ஈப்போவில் மருந்து வாங்குவதாகக் கொள்வோம். இருமலுக்கும் தலைவலிக்கும் அவர் நாடுவது பக்கத்து மருந்தகத்தைத்தான். ஓரிடத்தில் கொடுப்பது மற்றோரிடத்தில் தெரியாது. ஆபத்து இங்கேதான் பிறக்கிறது.

மருந்து செயல்படும் விதம்

எச்.ஐ.வி. கிருமி தன் புரதங்களை நீண்ட சங்கிலியாக உருவாக்கி, புரோட்டியேஸ் என்னும் நொதியால் கத்தரித்துக்கொள்கிறது. அக்கத்தரியை முடக்குவதே புரோட்டியேஸ் தடுப்பான். முதல் தடுப்பானாகிய சாக்குனாவிர் 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று, முதல் வரிசை மருந்துகள் பலன் தராதபோது, பெரும்பாலும் டாருனாவிர், லோபினாவிர், அட்டாசனாவிர் ஆகியவற்றுள் ஒன்று கொடுக்கப்படுகிறது. இதனுடன் சிறிதளவு ரிட்டோனாவிர் சேரும். அது கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் ஒரு நொதியைத் தடுத்து, தடுப்பானை இரத்தத்தில் நீண்ட நேரம் நிறுத்துகிறது. ஆனால், அதே நொதியால் சிதைய வேண்டிய பிற மருந்துகளும் உடலில் தேங்கிவிடுகின்றன.

கவனிக்க வேண்டியவை

1. காசநோய்: ரிஃபாம்பிசின், தடுப்பானின் அளவைப் பெரிதும் குறைத்துவிடும், கிருமி எதிர்ப்பாற்றல் பெறலாம். அளவு குறைத்த ரிஃபாபுட்டின் மாற்றாகலாம்.

2. ஆஸ்துமா: ஃபுளூட்டிக்காசோன் இழுப்பு மருந்து உடலில் தேங்கினால் முகம் உப்பும், அட்ரினல் சுரப்பி சோர்ந்துபோகும். பெக்லோமெத்தாசோன் தகுந்த மாற்று.

3. ஒற்றைத் தலைவலி: எர்கோட்டமின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். கை கால்களையே இழக்க நேரிடலாம். சேர்த்துக் கொடுக்கவே கூடாது.

4. கொழுப்பு: சிம்வாஸ்டாட்டின் தசைகளைச் சிதைத்துச் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். இதையும் சேர்க்கக்கூடாது.

5. வயிற்றுப்புண்: ஒமெப்ரசோல், அட்டாசனாவிர் உடலில் சேர்வதைக் குறைக்கும்.

இன்னொன்று: அட்டாசனாவிரால் கண் மஞ்சளாகலாம், பெரும்பாலும் இதனால் தீங்கில்லை. ஆனால் நம் வீடுகளில் கண் மஞ்சளித்தால் காமாலை என்று கீழாநெல்லியைத் தேடுவார்கள். தாமாகவே மாத்திரையை நிறுத்தினால் கிருமி மீண்டும் பெருகும். கல்லீரலைச் சோதித்துப் பார்ப்பதே முறை. இதை முதல் நாளே நோயாளிக்குச் சொல்லிவிட வேண்டும்.

முடிவுரை

நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர் என நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்று வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் வகுத்தார். இவற்றுள் மருந்தை மட்டும் படித்தால் போதாது. மருத்துவமும் மருந்தியலும் பயிலும் நண்பர்களே, நாளை ஒரு தோட்டத்து அம்மாவோ ஐயாவோ உங்கள் முன் அமரும்போது, கதவைச் சாத்திவிட்டு, "வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்? கடை மருந்து, நாட்டு மருந்து ஏதும் உண்டா?" என்று தமிழில் கேளுங்கள். மருந்துப் பெயர்களை எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கேட்ட செய்தி உங்களோடு நிற்கும் என்ற நம்பிக்கை பிறந்தால்தான் உண்மையான பதில் வரும். அந்தப் பதிலே அவர் உயிருக்குக் காவல்.